நாளுக்கு ஒரு விரற்கடை

நான்கு வருசத்துக்கு முன், ஆனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து, தாராவியில் மன்சூர் அலி வீட்டுக்கு மேலிருந்த மாளா நாளுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மாளா என்றால் வீட்டின் தலைக்கு மேல் பலகை அடித்துக் கட்டிய அறை. அதில்தான் மன்சூர் அலியும் தங்கசாமியும் பத்தொன்பது வருசமாகத் தோளோடு தோள் உட்கார்ந்து தோல் பை தைத்தார்கள். தங்கசாமி தோலில் சொல்யூஷன் பசை தடவி மடித்துக் கொடுப்பான், மன்சூர் மிஷினில் ஓட்டுவான். பேச்செல்லாம் கிரிக்கெட், ஊசி நம்பர், லோக்கல் ரயில் லேட், அவ்வளவுதான். அவர்கள் பெண்டாட்டிமார் சைனப்பும் இசக்கியம்மாளும் வேறு மாதிரி. காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் இருவரும் எதிரெதிரே நின்று பேசப் பேச, கேனின் கனம் குறையும். மாமியார் கதை ஒன்று முடிவதற்குள் இருபது லிட்டர் கேன் ஒரு சொம்பளவு ஆகிவிடும். இதை நம்பி அதே கேனைத் தூக்கப் போன ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மன்சூரின் தொண்டையில் கட்டி இருப்பது தெரிந்தது. நாற்பத்தைந்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை ஆபரேசன், தவறினால் அப்புறம் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மன்சூர் அந்தச் சீட்டை மிஷினுக்கு அடியில் செருகிவிட்டு, போவதில்லை என்று முடிவு செய்தான். மறுநாள் குழாயடியில் சைனப் சொல்லி அழுதபோது கேன் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இசக்கியம்மாள் அதை அன்றே புருசனிடம் சொன்னாள். தங்கசாமி "ம்" என்றான். அதற்கப்புறம் தடித்தோலை எல்லாம் தானே வெட்டினான், மன்சூரின் டீயை ஆற்றிக் கொடுத்தான். ஆனால் கேட்கவில்லை.

"அவனாச் சொல்லட்டும்" என்றான் பெண்டாட்டியிடம்.

"கேட்டாச் சொல்ல மாட்டனா?" என்றான் மன்சூர் சைனப்பிடம்.

மாளா இறங்கியது. இருபதாம் நாள் சைனப் ஃபேனைக் கழற்றினாள். பட்டறை முதலாளி கணேசபாண்டியன் நிறுத்திய இரண்டு இரும்புத் தூண்களும் மெழுகுவர்த்தி மாதிரி வளைந்தன. முப்பத்தைந்தாம் நாள் வீட்டுக்குள் எல்லோரும் குனிந்து நடந்தார்கள். பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். இரு ஆண்களையும் கீழே கூட்டிவந்து எதிரெதிரே உட்காரவைத்து, டீயைக் கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மழ பெய்யும்போல" என்றான் ஒருவன். "பெய்யும்" என்றான் மற்றவன். அந்த ஒரு டீக்குள் மாளா ஒரு சாண் இறங்கி, பீரோவின் தலை நசுங்கியது.

"ஏட்டி சைனப், மொகத்தப் பாக்க வச்சதுதான் நம்ம தப்பு" என்றாள் இசக்கியம்மாள். "இவனுவளுக்குக் கையில வேல இருக்கணும், கண்ணு வேற எங்கயாவது இருக்கணும். பலகைக்கே அனுப்பு."

நாற்பத்துநான்காம் நாள் வியாழக்கிழமை மத்தியானம் மாளா இடுப்பளவுக்கு வந்துவிட்டது. உத்திரம் முறிகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சைனப் வெளியே வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் தவழ்ந்து உள்ளே போனாள்.

"யக்கா, நீ வெளிய போ."

"ஒன்னிய வுட்டுட்டு எங்கட்டி போவ?"

பலகை இடுக்கு வழியாக இது மேலே கேட்டது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கசாமி தோலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"நாளைக்கு எத்தன மணிக்குவே போவணும்?"

மன்சூர் ஒரு தையலை முடித்தான்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஏழுக்கு வரச் சொல்லிருக்கான்."

"அப்ப அஞ்சே முக்கால் வண்டியப் புடிப்போம்."

இன்னொரு தையல் முடிந்தது. "பயமா இருக்குவே" என்றான் மன்சூர்.

"எனக்குந்தான். நூலப் பாத்து ஓட்டு."

கீழே இருந்த பெண்கள் முதலில் முதுகை நிமிர்த்தினார்கள், பிறகு முட்டி போட்டார்கள், பிறகு எழுந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் மாளா ஏறிவிட்டது, ஒரு முழம் மட்டும் பாக்கி. மன்சூர் பிழைத்தான், குரல் போய்விட்டது. இப்போதும் இருவரும் அதே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து தைக்கிறார்கள். கிரிக்கெட்டைக்கூடத் தங்கசாமி ஒருவன்தான் பேசுகிறான். மாளா அதற்கப்புறம் அசையவில்லை. ஃபேனைத் திரும்ப மாட்டியபோது கம்பியில் ஒரு முழம் வெட்ட வேண்டியிருந்தது.