வெண்மதி பார்க்கும் பேய்ப்படங்கள்

வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் யாரோ கழுத்தை நெரித்ததுபோல் அலறினார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தம்பி பெண்டாட்டி வெண்மதி போனில் படம் பார்க்கிறாள். அவளுக்கு வேளை பொழுது கிடையாது. அடுப்பில் சோறு வெந்தாலும் பேய்ப்படம், கொடியில் துணி காய்ந்தாலும் பேய்ப்படம். மறுநாள் கல்லறைத் திருநாள். ஊரில் இருக்கிற வேதக்காரக் குடும்பம் அத்தனையும் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு இன்னும் ஒரு கை சுண்ணாம்பு அடிக்கவில்லை, வானம் வேறு மூடிக்கொண்டு நிற்கிறது, இந்த லட்சணத்தில் மகாராணி படம் பார்க்கிறாள்.

சும்மா பார்த்துத் தொலைத்தாலும் பரவாயில்லை. பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து என்னிடம் நியாயம் கேட்பாள். கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் ஆவி வீடு வீடாகக் கதவைத் தட்டி, எனக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள் என்று அழுகிறதாம். செத்தவர்கள் பாவம் தீரக் காத்துக் கிடப்பதாக நீங்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் இதுதானா அக்கா என்பாள். இன்னொரு மாயாஜாலப் படத்தில் ஒரு ராஜா பாதாளத்துக்குள் இறங்கி, பூட்டிக் கிடக்கும் கதவை உடைத்து, செத்தவர்களைக் கையைப் பிடித்து மேலே கூட்டி வருகிறானாம். ஏசுவைப் பற்றி நீங்கள் ஜெபத்தில் சொல்லும் 'பாதாளத்தில் இறங்கி' அதுதானே என்றாள். அதுதான். அதில்தான் எனக்கு எரிச்சல். எத்தனையோ வருசமாகக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், ஒரு பிள்ளை அப்படிக் கேட்டதில்லை. இத்தனைக்கும் இவள் எங்கள் வேதம் கிடையாது. தம்பி அருள்குமார் பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவன். அங்கே பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தான். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கோயிலில்தான் தாலி கட்டினார்கள். அவள் அவள் சாமியைக் கும்பிடுகிறாள், கிறிஸ்துமஸுக்கு மட்டும் எங்களோடு வருவாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் தெரியாமல் இல்லை. ஆடி மாதம் அவளுக்கு மாசம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், தாயைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பிழைக்காது என்று சொன்னதும், வேறெதுவும் தோன்றாமல், தலையில் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்க நான் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஓடினேன். அவர் தூரத்தில் ஒரு கிராமத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்தார். அவரோடு நான் வந்து சேர்ந்தபோது, தம்பி ஒரு துணிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். திருமுழுக்கு வாங்காத பிள்ளையை வேலியோரம்தான் புதைப்பது வழக்கம் என்று ஊர்ப் பெரியவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அதெல்லாம் இப்போது கிடையாது என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். தம்பிக்கு யாரோடும் வாதாடத் தெம்பில்லை. வேலியோரமே குழி தோண்டினான். சிலுவை இல்லை, பெயர் இல்லை, அடையாளத்துக்கு ஒரு கல். நாளைக்குச் சிலுவை சிலுவையாக நின்று தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஊரே போகும். அந்தக் கல்லுக்கு முன்னால் யார் நிற்பார்கள்?

அலறல் நின்றது. வெண்மதி போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் கலக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு படத்துலங்க, சாவப்போற கொழந்தைக்காக வாசல்ல பேய் காத்துக்கிட்டு நிக்குது. வூட்டுல வேதக்காரங்க யாருமில்ல. சோறாக்கற பொம்பள, அது வேற சாமி கும்பிடறது, சொம்புத் தண்ணிய எடுத்துக் கொழந்த தலையில ஊத்தி உங்க மந்திரத்தச் சொல்லிடுது. பேய் போயிடுது. நெசத்துல அது செல்லுங்களா?"

வகுப்பில் சொல்வதையே சொன்னேன். மூச்சு போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், வேதக்காரராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர் வேண்டும், பிதா சுதன் பரிசுத்த ஆவி பெயரைச் சொல்லவேண்டும், கோயிலில் செய்வதைத்தான் நானும் செய்கிறேன் என்ற மனசு வேண்டும். அவ்வளவுதான், கண்டிப்பாகச் செல்லும் என்றேன். போன் அவள் கையிலிருந்து நழுவிச் சுண்ணாம்பு வாளிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை.

"நான் ஊத்துனனுங்கக்கா," என்றாள். "நர்சம்மா அந்தப் பக்கம் திரும்புனப்ப. பாட்டில் மூடியில கொஞ்சூண்டு தண்ணி. படத்துல சொன்ன மாதிரியே மூணு பேரையும் சொன்னனுங்க."

கையில் பிடித்திருந்த குச்சியை அப்படியே விட்டுவிட்டேன். இத்தனை நாளாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு முனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"செல்லாதுன்னு சொல்லிட்டீங்கன்னா? எங் கொழந்தைக்கு அது ஒண்ணுதானுங்களே இருந்துச்சு."

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. படம் படமாகக் கொண்டுவந்து அடுப்படியில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாளே, இதைக் கேட்கத்தானா? கையில் சுண்ணாம்போடு அவளைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டு அழுதேன். அப்புறம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த தம்பியின் போனை வாங்கிச் சாமியாரைக் கூப்பிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். சிலுவையை நடுங்கள், பெரியவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அருள்குமார் வண்டியில் கிடந்த மரத் தக்காளிப் பெட்டியை உடைத்து, இரண்டு பலகையைக் குறுக்கே வைத்து ஆணி அடித்தான். அடித்த அடியில் ஒரு ஆணி வளைந்துபோனது. அதை நிமிர்த்தி மறுபடியும் அடித்தான்.

கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நேராக வேலியோரம் போவதைப் பார்த்துப் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன் என்று நானும் முறைத்தேன். அவர் பார்வையை எடுக்கவே இல்லை. தம்பி கல்லை நகர்த்திவிட்டுச் சிலுவையை நட்டு மண்ணை மிதித்தான். நான் கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கிக்கொண்டு, என்ன பெயர் எழுத என்று வெண்மதியிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"படத்துல பேரு சொல்லித்தானுங்க ஊத்துனாங்க. அவசரத்துக்கு எனக்கு வேற வேதக்காரப் பேரு வாயில வரல. ரோசம்மாள்னு சொல்லிட்டனுங்க."

அது என் பெயர். ஒருநாள் அவள் வலுக்கட்டாயமாக எனக்கு ஒரு படம் காட்டினாள். அதில் ஒரு பெண் பாழடைந்த கல்லறையில் பாசியைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறாள், அவள் பெயரே அங்கே எழுதியிருக்கிறது, அலறிக்கொண்டு ஓடுகிறாள். இதுக்கெல்லாமா ஓடுவாங்க என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நான் ஓடவில்லை. சிலுவைக்கு முன்னால் முட்டி போட்டேன்.

முதல் எழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் தூறல் விழத் தொடங்கியது. பெயிண்ட் ஒரு பக்கமாக வழிந்தது. வெண்மதி துப்பட்டாவை உருவி இரண்டு கையாலும் சிலுவைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். அந்தத் துணிக்குக் கீழே தலையைக் கொடுத்து, என் பெயரின் அடுத்த எழுத்தை எழுதினேன்.