ஒரே அச்செழுத்தில் சம்பந்தம் ஆகாது

ஆலங்கொம்பில் யார் எதைப் பேசினாலும் அது அச்செழுத்தாக வாயிலிருந்து உதிரும். குடும்பத்துக்கு ஒரு அச்செழுத்து வடிவம். ஒரே அச்செழுத்துக்காரர்கள் அண்ணன் தங்கை முறை என்பதால் அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது.

மங்கையர்க்கரசியும் குருநாதனும் மாலையும் கழுத்துமாகத் திருமணப் பதிவு அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறியபோது மணி பன்னிரண்டு. பதிவாளர் ரமாமணி இருவரையும் பெயர் சொல்லச் சொன்னார். மேசையில் விழுந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இருவருடையதும் முனைகளில் சின்னக் குதிகால் வைத்த எழுத்து.

“ஒரே எழுத்து மாதிரி இருக்கேம்மா. எங்க, வாழைப்பழம் சொல்லுங்க.”

சொன்னார்கள். நான்கு ழகரங்களும் வாலை ஒரே அளவுக்கு வளைத்திருந்தன. கிண்ணம் சொன்னார்கள். ணகரத்தின் சுழிகளில் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னதில் மேசையே நிறைந்துவிட்டது. ரமாமணி ஒரு ஞகரத்தை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

அவர் பேனாவை மூடினார். “அண்ணன் தங்கச்சி ஆகுது. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க.”

மூன்று வருஷம் காதலித்தவனை இனி அண்ணா என்று கூப்பிட வேண்டும். நினைத்ததுமே மங்கைக்கு வியர்த்துக் கொட்டியது.

“மேடம், கொஞ்சம் ஃபேன் போடுங்களேன்” என்றாள்.

அவளுடைய ஆய்த எழுத்து மேசையில் விழுந்து உருண்டது. மூன்று புள்ளிகளும் கடுகு மாதிரி உருண்டை. ரமாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்களும் அதைச் சொல்லுங்க.”

“காத்தாடி” என்றான் குருநாதன். அவன் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

“அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“ஃபேன்.”

அவனுடைய மூன்று புள்ளிகளும் உருளவில்லை. கல்கண்டு மாதிரி மூலை வைத்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தன. மங்கை ஒன்றைத் தொட்டாள். விரலில் நறுக்கென்று குத்தியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“வேற வேற எழுத்துதான். இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று ரமாமணி பேனாவைத் திறந்தார். “சாட்சி யாரு?”

சாட்சிக்கு யாரும் வந்திருக்கவில்லை. அலுவலகத்துப் படிக்கட்டு இடது கைப்பிடியால் கையெழுத்துப் போட்டது. முகவரி என்ற இடத்தில் ‘தரைத்தளம் முதல் இரண்டாம் மாடி வரை’ என்று எழுதியது. பிறகு மணி ஒன்றாகிவிட்டதால் சாப்பிடப் போய்விட்டது.

மங்கையும் குருநாதனும் மாடி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அது வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.