ஓரடி இடதுபுறம்

ரோமன் பன்னைப் பந்துபோலப் பிடித்துக்கொண்டு உப்புக் குப்பியின் மேல் குனிந்தான். உப்புக் குப்பிதான் ஹோம் பிளேட், ஓடிவருகிறவன் கடைசியாகத் தொடவேண்டிய இடம். எதிரே இருந்தவன் ஒரு முள்கரண்டியை மேசைவிரிப்பின் மேல் சர்ரென்று தள்ள, ரோமன் பன்னால் அதை அமுக்கினான். உள்ளேயிருந்த பன்றிக்கறித் துண்டு நழுவி வெளியே விழுந்தது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இப்படித்தான், அச்சாக இப்படித்தான் என்றான்.

டெல்ஃபின் காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரைப் புதைத்துவிட்டு வந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், அறுபதை எட்டிய நாலு ஆண்கள், முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தை முள்கரண்டி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வரவேண்டிய அம்பயரின் கார் வழியில் படுத்துவிட்டது. பால்கறக்கும் மெஷின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் லியாண்டர் அவ்வப்போது சுற்றுவட்டார ஆட்டங்களுக்கு அம்பயராகப் போவதுண்டு. அவரையே நிற்கச் சொன்னார்கள். உள்ளூர்க்காரராயிற்றே என்று எதிரணியும் சொல்லவில்லை. உள்ளூர் அணியான செயின்ட் ஊர்சுலா ஜெயித்தால் மாநிலப் போட்டி. கடைசிச் சுற்றில் உள்ளூர் அணியின் விர்ஜில் மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்து சறுக்கினான். பந்து எதிரணி கேட்சர் ரோமனின் கையுறைக்குள் வந்து விழுந்தது. விர்ஜிலின் கால் பிளேட்டைத் தொடுவதற்குள் கையுறை அவன்மேல் பட்டதா, இல்லையா? ஒரே புழுதி. லியாண்டர் ஒரு மூச்சு பொறுத்தார். பிறகு வலது முஷ்டியை உயர்த்தினார். அவுட். செயின்ட் ஊர்சுலா தோற்றது.

ரோமன் பட்டது என்றான். கையுறை பக்கத்து மாவட்டத்தில் கிடந்திருந்தாலும் அவன் பட்டது என்றுதான் சொல்லியிருப்பான். ஒரு வருஷம் கழித்து இதே ஊரில் பெண் எடுத்துக் குடியேறினான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லியாண்டரின் பட்டறைக்கு மட்டும் மெஷின்கள் வரவில்லை. முப்பது மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்தார்கள். டெல்ஃபின் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவப் போனாள். பதினோரு வருஷம். சுடுதண்ணீரிலும் சோப்பிலும் விரல் நகங்கள் பிளந்தன. தேவாலயத்தில் அவர்கள் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். பூசையில் சமாதானம் வாழ்த்தும்போது மட்டும் கை நீட்டுவார்கள், பாதிரியார் பார்க்கிறாரே என்று.

முதல் குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள், தவறாக இருந்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று. திருடச் சொன்னதுபோல அவளைப் பார்த்தார் லியாண்டர்.

"பாத்தேன். சொன்னேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஊரே அற்பமாகப் போனபோது தன் வீட்டில் ஒரு நேர்மையான ஆள் இருக்கிறார் என்பதை வைத்துக்கொண்டுதான் அந்தத் தட்டுகளைக் கழுவினாள். தட்டை நீட்டும் பிள்ளைகளின் முகத்தில் அவர்களுடைய அப்பன்களைப் பார்த்து, மனசுக்குள் காறித் துப்பவும் அது போதுமாயிருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வீட்டுக் கூடத்தில் போட்டிருந்த கட்டிலில், ஈரப் பஞ்சால் அவள் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லியாண்டர் பேசினார். மூன்று நாளாகப் பேச்சில்லாதவர்.

"விர்ஜில் சறுக்குனது... நான் பாக்கலை."

அவள் கை நின்றது.

"ரோமன் முதுகு மறச்சிருச்சு. ஓரடி இடதுபக்கம் நகந்திருக்கணும். நகரலை." மூச்சு வாங்கினார். "ஏதாவது ஒண்ணு சொல்லியாகணுமே."

அவள் பஞ்சைக் குவளையில் போட்டாள். உள்ளே போய்த் துண்டுகளை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். பிற்பகல் நாலு மணிக்கு லியாண்டர் செத்துப்போனார். இடையில் அவள் இரண்டு தடவை மருந்து கொடுத்தாள், ஒரு தடவை தலையணையைத் திருப்பிப் போட்டாள். பேசவில்லை. அவர் கண்கள் அறைக்குள் அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தன.

"டெல்ஃபின்."

காபிப் பாத்திரத்துக்கு முன்னால் விர்ஜில் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். தீவனக் கடைக்காரன், தொப்பை சட்டைப் பித்தானை இழுத்துப் பிடித்திருந்தது. முப்பத்துநாலு வருஷமாக அவளைக் கண்டால் தெருவைக் கடந்து போனவன். ரொம்ப வருத்தம் என்றான். நல்ல கூட்டம் என்றான். பிறகும் போகாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். கடைசில அவரு... அந்த ஆட்டத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

ஐம்பத்தேழு வயசு ஆள், சவப்பெட்டி குழிக்குள் இறங்கிய கையோடு இதைக் கேட்கிறான். உண்மை இரண்டே வார்த்தை. சொல்லிவிட்டால் இருட்டுவதற்குள் மதுக்கடைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள், தோளைத் தட்டுவார்கள், கேக் கொண்டுவருவார்கள். அந்தக் கேக் அவளுக்கு வேண்டாம்.

"சொன்னார்," என்றாள்.

"என்னன்னு?"

"பாத்தாராம். கையுறை ஒங்க கால்ல பட்டத ரெண்டு கண்ணாலயும் பாத்தாராம்."

விர்ஜில் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்சட்டையை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தொட்டுக் காட்டினான்.

"இங்க பட்டுச்சு. பிளேட்டத் தொடுறதுக்கு முன்னாடியே. எனக்கு அப்பவே தெரியும். அவருக்குத் தெரிஞ்சிருக்குமாங்கறது மட்டுந்தான் தெரியாம இருந்துச்சு."

காபிப் பாத்திரம் கொதித்து அடங்கியது. யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை. மனைவியிடம்? இல்லை. அப்போது அப்பாதான் அணியின் பயிற்சியாளர், மைதானத்திலேயே லியாண்டரின் சட்டையைப் பிடித்துவிட்டார், அந்த நேரத்தில் எப்படி வாயைத் திறப்பது என்றான். அப்புறம் அப்பா போனார். அப்புறம் எல்லாம் பழசாகிவிட்டது. பேசப் பேச அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பாரத்தை யார் வீட்டு வாசலிலோ இறக்கிவிட்டவன் முகம்.

அவள் ரோமன் இருந்த மேசையைக் காட்டினாள்.

"அங்க போய்ச் சொல்லுங்க."

விர்ஜில் திரும்பிப் பார்த்தான். முள்கரண்டி மறுபடி சறுக்கியது. நாலு பேரும் சிரித்தார்கள்.

"இன்னைக்கா? துக்கத்துக்கு வந்த எடத்துல..." என்றான். "அது மரியாதையா இருக்காது, டெல்ஃபின்."



"அப்ப சாப்புடுங்க," என்றாள்.

அவன் வரிசையில் நின்று தட்டை வாங்கிக்கொண்டான். உருளைக்கிழங்கின் மேல் குழம்பு ஊற்றியபோது, இன்னும் கொஞ்சம் என்றான். சுவரோரம் காலியாக இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, நாப்கினைச் சட்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

டெல்ஃபினும் ஒரு தட்டை எடுத்தாள். பரிமாறிய பெண்கள் பதறி, நீங்க உட்காருங்க, கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். அவள் தானே போட்டுக்கொண்டாள். நேராகப் போய் விர்ஜிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. செவ்வாயிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவசரமில்லாமல், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.