குறைந்துபோன பாதரசம்

புத்தகத்தில் அதற்குப் பாதரசம் என்று பெயர். சீசாவின் மேல் மெர்குரி. மருந்து அரைப்பவர்கள் சூதம் என்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அது வெறும் ரசம். அந்த ரசம்தான் சில மாதங்களாகக் குறைந்துகொண்டே வந்தது.

பட்டறைக்காரர் தினமும் கடை சாத்துமுன் சீசாவைத் தராசில் வைப்பார். ஒரு நாள் பத்து கிராம் குறையும், இன்னொரு நாள் இருபது. ரசத்துக்கென்ன காலா முளைத்திருக்கிறது? பட்டறையில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருவன் பதினாறு வருஷமாகக் கூடவே வேலை செய்யும் மச்சினன், மனைவியின் தம்பி. தன்னைத்தானே சந்தேகப்பட அவருக்கு என்ன பைத்தியமா?

பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. வாய் ஓயாத மச்சினன் இப்போது வாடிக்கையாளர் தலை தெரிந்தாலே உள்ளே நழுவினான். முகம் பார்த்துப் பேசவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தான். கண்ணாடிக் குழாயில் ரசம் ஊற்றும்போது கை வெடவெடத்தது. திருடாதவன் கை எதற்கு நடுங்கும்?

அவன் மேஜையை ஒட்டிய ஜன்னல் வழியாகத்தான் சரக்கு கைமாறுகிறது என்று முடிவுகட்டி, ஜன்னலை ஆணி அடித்து மூடினார். அதன்பிறகு நடுக்கம் கூடியது. ஆள் மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார், புத்திசாலி.

ஒரு மத்தியானம் கேட்டேவிட்டார்.

“மாப்ள, யாருக்குக் குடுக்கிற?”

“என்னத்த அத்தான்?”

“நடிக்காத. ரசத்த.”

“சத்தியமா நான் எடுக்கல அத்தான்.” நாற்பது வயது ஆள், குழந்தை மாதிரி அழுதான்.

“சாவிய வச்சிட்டுக் கிளம்பு.”

வீட்டில் மனைவி சண்டைக்கு வந்தாள். “அவனுக்கு உடம்பு சரியில்லைங்க. ஒரு டம்ளரக்கூடப் பிடிக்க முடியல.”

“உன் தம்பி, நீ அப்படித்தான் சொல்லுவ.”

மறுநாள் காலை, ஒளித்து வைத்த இடத்தைக் கண்டுபிடிக்க மச்சினனின் மேஜையை நகர்த்தித் தரைவிரிப்பைக் கிழித்தார். தரை விரிசல் முழுக்க ரசம், வெள்ளி மணிகளாக, நூற்றுக்கணக்கில்.

அழுக்கு ரசத்தைத் தோல் துணியில் போட்டுப் பிழிந்து வடிகட்டுவது அவர் வேலை. தெறித்த துளிகளைக் குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டுக் காலால் தள்ளிவிடுவது அவர் பழக்கம். தள்ளியதெல்லாம் தரைச் சரிவில் உருண்டு மச்சினன் காலடியில் சேர்ந்திருந்தது. அவர் உட்காருவது வாசலோரம், நல்ல காற்று. அவன் உட்கார்ந்தது மூலையில், அவரே ஆணி அடித்த ஜன்னலுக்குப் பக்கத்தில்.

ரசம் ஆவியாகும், ஆவி நரம்பைத் தின்னும், கை நடுங்கும், மனுஷன் நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுவான். அவருக்குத் தெரியாததா? ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று மச்சினனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தன் முகத்தில் தானே காறித் துப்பத் தோன்றியது.

கிடைத்த வண்டியைப் பிடித்து மச்சினன் வீட்டு வாசலில் போய் இறங்கினார். கதவு கொஞ்சம்தான் திறந்தது.

“மாப்ள, தப்பெல்லாம் என்மேல. கிளம்பு, உடனே டாக்டர்கிட்ட போலாம்.”

மச்சினன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பின்னால் காத்திருந்த வண்டியையும், அதில் உட்கார்ந்திருந்த டிரைவரையும் பார்த்தான்.

“டாக்டர்கிட்டயா அத்தான், போலீஸ்கிட்டயா?”

அவர் வாய் திறக்குமுன் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.