கன்ஸ்டலேஷனின் பின்பக்கம்

அந்தக் கன்ஸ்டலேஷன் விமான அட்டை எந்த வருஷம் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் மனைவி தாணம்மாள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோது, தபால்காரரிடம் அவளே கைநீட்டி வாங்கினாள் என்று ஒரு நினைவு. அப்படியானால் நாற்பத்தெட்டு. பிள்ளை தவழ்ந்து வந்து அட்டையைப் பிடித்து இழுத்தது என்று இன்னொரு நினைவு. அப்படியானால் நாற்பத்தொன்பது. இரண்டில் ஒன்றை நான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

அனுப்பியவன் அலி அக்பர். கோட்டாறு பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே பெஞ்சு. முப்பத்தைந்தாம் வருஷம் இருவரும் கொழும்புக்குக் கிளம்பினோம். திருவிதாங்கூர் எல்லையில், ஆரல்வாய்மொழி சவுக்கையில் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தியபோது நான் இறங்கினேன். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மூத்திரம் பெய்யவா மக்கா?" என்று கேட்டான். தலையாட்டினேன். திரும்ப ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவன் கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தான். நான் நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸில் பைண்டர் ஆனேன். யுத்தத்துக்குப் பிறகு வானத்தில் எஞ்சின் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடியாது. பசைக் கையோடு வாசலுக்கு ஓடுவேன். டக்கோட்டாவா வேறெதுவா என்று தெரிவதற்குள் அது தென்னைகளுக்கு மேலே போய்விடும். விமானப் படம் போட்ட அட்டை கிடைத்தால் அனுப்பு என்று அலி அக்பருக்கு எழுதினேன். நாற்பத்தேழு கடைசியிலிருந்து ஐம்பத்தொன்று வரை இருபத்தேழு அட்டைகள் வந்தன. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: "எப்போ வாறே?" நான் அதற்குப் பதில் எழுதியதில்லை.

ஆல்பத்தை நானே தைத்தேன். கறுப்புத் தாள், காலிக்கோ துணி முதுகு. மூலையில் மட்டும் பசை தொட்டு ஒட்டினால் மழைக்காலத்தில் அட்டை எழும்பி வளையும். அதனால் மைதாவும் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தமும் காய்ச்சி, பின்பக்கம் முழுக்கப் பூசி ஒட்டினேன். வந்த வரிசையில் அல்ல. முதலில் இரண்டு எஞ்சின் விமானங்கள், பிறகு நாலு எஞ்சின். கடைசித் தாளில் கன்ஸ்டலேஷன். மூன்று வால், மீன்போல வளைந்த உடம்பு. அதைப் பார்த்துக்கொண்டே சோறு ஆறவிட்ட நாட்கள் உண்டு.

ஐம்பத்திநாலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுடைய அக்கா மைமூன் பீவி ஒரு கடிதத்தோடு வந்தாள். அலி அக்பர் இலங்கையில் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். நடுவில் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வந்தாய் என்று விசாரணையில் சொல்கிறார்களாம். வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். தொடர்ந்து அங்கேயே இருந்தான் என்று சாட்சி சொல்ல ஆளில்லை.

"உனக்க கிட்ட அவன் போட்ட அட்டை இருக்குல்லா. எல்லாத்துலயும் கொழும்பு முத்திரை, தேதி இருக்கும். அது போதும்னு வக்கீல் சொன்னாராம். இல்லேண்ணா அவன அங்க வச்சிருக்க மாட்டாங்க."

ஆல்பத்தைக் கொடுத்தேன். அவள் புரட்டினாள். ஓர் அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"ஏலே, எழுத்து எங்க?"

"அடியில, அக்கா."

"அடியிலண்ணா?"

"ஒட்டிட்டேன்."

"எனக்க தம்பி எழுதினதப் பூராம் ஒட்டிப்போட்டு, பிளேனப் பாத்துட்டு இருந்தியா?"

அடுக்களையிலிருந்து தாணம்மாள், "கட்டினவ மொகத்த இப்பிடிப் பாத்திருந்தா நான் ரெண்டு சுத்து பெருத்திருப்பேன் அக்கா" என்றாள்.

வெந்நீர் வைத்தோம். தாளைத் தாளாக அறுத்து உருளியில் ஊறப்போட்டேன். படத்தின் பளபளப்பு முதலில் கொப்பளித்தது, பிறகு தோலாக உரிந்து மிதந்தது. டக்கோட்டாவின் ஒரு இறக்கை என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கத்தில் அவன் பேனா மையும் கரைந்து ஓடியது. முத்திரையின் கறுப்பு வட்டம் மட்டும் கரையவில்லை. மைமூன் அக்கா ஒவ்வொன்றையும் வாங்கித் தன் முந்தானையில் ஒற்றிக் கொடியில் போட்டாள். கன்ஸ்டலேஷன் மட்டும் மிஞ்சியது.

"அதுல முத்திரை தெளிவில்ல அக்கா. பிரயோஜனப்படாது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் படிக்காதவ. நீ சொன்னா சரி."

இருபத்தாறு அட்டைகள் கொழும்புக்குப் போயின.

மறுவருஷம் அலி அக்பரிடமிருந்து கடிதம் வந்தது. மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாற்பத்தொன்பது ஜனவரி தொடங்கிப் பதினாலு மாசத்துக்கு அவனிடம் ஒரு தடயமும் இல்லை. 'அப்போ கை ஒடிந்து கிடந்தேன். பக்கத்து அறைக்காரனை எழுதச் சொல்லி உனக்கு ஒரே ஒரு அட்டை போட்டதாக ஞாபகம். வழியில் தொலைந்திருக்கும். மேல்மனுவுக்கு மூன்று மாசம் இருக்கிறது' என்று எழுதியிருந்தான்.

வேறு கையெழுத்தில் ஒரு அட்டை வந்ததா என்று யோசித்தேன். படத்தைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மூன்று மாசமும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரஸ்ஸிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடப்பேன், சுசீந்திரம் பஸ்ஸில் ஏறுவேன், பாதி வழியில் இறங்கித் திரும்பி நடப்பேன். கன்ஸ்டலேஷனை உரிக்க நாலைந்து முறை வெந்நீர் வைத்தேன். முத்திரைத் தேதி அந்தப் பதினாலு மாசத்துக்குள் இல்லாவிட்டால் அட்டை வீணாகப் போகும் என்று நினைப்பேன். இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் நினைப்பேன். தண்ணீர் ஆறிவிடும். தாணம்மாள் அதை எடுத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள்.

ஐம்பத்தாறு ஆவணியில் அலி அக்பர் தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தான். வலது கை கொஞ்சம் வளைந்திருந்தது. என் வீட்டில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினான். முழுக்க, தையலில் மிஞ்சிய அறுத்த தாள்களின் ஓரங்கள். கடைசியில் கன்ஸ்டலேஷன்.

"இது மட்டும் தப்பிச்சுட்டுதா மக்கா?"

"ம்."

அவன் விரலை அட்டையின் விளிம்பில் வைத்து ஒருமுறை ஓட்டினான். பிறகு மூடிவைத்துவிட்டு, "சாயா உண்டுமா?" என்றான்.

அலி அக்பர் கோட்டாறு சந்தையில் துண்டும் கைலிச் சாரமும் விற்றான். கொழும்புக்குத் திரும்பவில்லை. மைமூன் அக்கா அடுத்த வருஷம் மௌத்தானாள். தாணம்மாள் இருக்கிறாள். மகளை இனயத்துக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தோம். நான் பிரஸ்ஸிலிருந்து நின்றுவிட்டேன். அட்டை ஒட்டினபடி இருக்கிறது.