ரங்கநாதன் சாரின் கடலைப்பொடி ஆராய்ச்சி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் கேண்டீனில் இசக்கிசெல்விக்கு மட்டும் பெயர் ஒட்டிய தனித் தட்டு. வேர்க்கடலை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். வெல்ஃபேர் ஆபீசர் ரங்கநாதனுக்கோ அது வெறும் பாசாங்கு.

ரங்கநாதன் எதையும் பாதி படித்துவிட்டு முழுதாகப் பேசக்கூடியவர். ஒத்துக்கொள்ளாத பொருளையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் ஆராய்ச்சி பற்றி ஒருநாள் செல்போனில் படித்தார். 'மருத்துவமனையில், டாக்டர் மேற்பார்வையில் மட்டும்' என்ற வரி வருவதற்குள் டீ வந்துவிட்டது. உடனே இசக்கிசெல்வியின் குழம்பில் அவளுக்குத் தெரியாமல் கடலைப்பொடி கலக்கும்படி சமையல்காரர் கொம்பையாவுக்கு உத்தரவு போட்டார். முதல் இரண்டு நாள் தொண்டை அரித்து லேசாக வீங்கியது; மூன்றாம் நாள் இசக்கிசெல்வி வேலை பார்க்கும் லைனிலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் உயிரை இழுத்துப் பிடித்தார்கள்.

திரும்பி வந்தவளுக்கு ஒரு மெமோ காத்திருந்தது: 'பட்டினியாக வந்து மயங்கினார். மறுபடி நடந்தால் வேலை இல்லை.' கீழே ரங்கநாதன் கையெழுத்து. கொம்பையா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார். ஆபீசர் மெமோவுக்கு எதிரே சமையல்காரர் பேச்சு எடுபடுமா? 'அந்தாளு வாயாலயே கக்க வைக்கேன்' என்று பல்லைக் கடித்தாள் இசக்கிசெல்வி.

பாதுகாப்பு வார விழா வந்தது. மேடையில் பிளான்ட் மேனேஜர், சிறப்பு விருந்தினர் டாக்டர் சௌந்தர்யா, நடுவில் சந்தன மாலையோடு ரங்கநாதன். இசக்கிசெல்வி எழுந்து கைகூப்பினாள்.

"சார் வைத்தியத்துலதான் என் அலர்ஜியே போச்சு! எம்புட்டுப் போட்டீயன்னு எல்லாருக்கும் சொல்லுங்க சார்!"

இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருக்க வேண்டியவர், கைதட்டலில் மயங்கி மைக்கைப் பிடித்தார்.

"இன்னா பெரிய அலர்ஜி? மொத நாளு ஒரு சிட்டிகை கடலைப்பொடி, கொழம்புல கலக்க வச்சேன். பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. மூணாம் நாளு ரெண்டு ஸ்பூன் வுட்டேன் பாரு! ஃபுல் க்யூர்!"

கைதட்டல் நின்றது. டாக்டர் எழுந்தார்.

"இது வைத்தியம் இல்லைங்க. தெரியாம வச்ச விஷம். நாங்களே நோயாளியோட சம்மதம் வாங்கி, ஊசியைத் தயாரா வச்சுக்கினுதான் இம்மியளவு கொடுப்போம்."

மேனேஜர் முறைத்தார். ரங்கநாதன் மாலையைக் கழற்றினார். "இசக்கி... மன்னிச்சுடும்மா..."

"மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க. மைக்குல சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போலீஸுக்குக் குடுக்கணும்" என்றாள் இசக்கிசெல்வி. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒருத்தருக்கு ஒரு சாப்பாடு ஒத்துக்கிடாதுன்னா நம்புங்க. நம்பாட்டியும் போகட்டும், அவங்க தட்டுல கை வைக்காதீய. அரைகுறைப் படிப்ப அடுத்தவன் உசுருல சோதிச்சா, அது கொலைதான்."