வாசலிலிருந்து சாலை வரை ஒரு கோடு

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பச்சை. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் எங்கே புல் முளைத்திருக்கிறது, எங்கே மண் காய்ந்து கிடக்கிறது என்று பார்த்துக் குறிப்பதுதான் வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகவில்லை. திரையே கதி என்று கிடப்பான்.

அவனுக்கென்று இருந்தது ஒரே ஓர் அக்கா. பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் பொட்டல்வெளியில் தனியாக இருந்தாள். புதுப் படம் வந்ததும், வேலையைத் தொடுவதற்கு முன்னால் அவள் வீட்டைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பான். சாம்பல் நிறத்தில் ஒரு கூரை. வாசலிலிருந்து பஸ் நிற்கும் சாலை வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு வெளிறிய கோடு, கால் பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை. கோடு இருந்தால் நடக்கிறாள். நடந்தால் நன்றாக இருக்கிறாள். அப்புறம் போன் எதற்கு?

உலகத்தில் எந்தத் தம்பியும் அக்காவை இந்த லட்சணத்தில் நலம் விசாரித்திருக்க மாட்டான். அவளாகக் கூப்பிட்டால், "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன்க்கா" என்பான். அந்த அடுத்த மாதம் வந்தபாடில்லை. அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஐயாவுக்கு அது உறைக்கவே இல்லை. கோடுதான் இருக்கிறதே!

பிறகு மழை கொட்டித் தீர்த்தது. மேகம் விலகி முதல் தெளிவான படம் வந்த அன்று எல்லோரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொட்டல் எப்படி ஆயிடுச்சு பாருய்யா!" என்றார் மேலதிகாரி. "பழைய படம், புதுப் படம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. சுவர்ல மாட்டிடலாம்."

பச்சை வழக்கம்போல வீட்டைப் பெரிதாக்கினான். கூரை இருந்தது. கோடு இல்லை. வாசல் முதல் சாலை வரை ஒரே பசேல்.

"அக்கா வீட்டு வாசப் பாதையைக் காணோம் சார்" என்றான்.

"மழைக்குப் புல்லு மூடியிருக்கும், விடுய்யா."

"ஆள் நடக்கிற இடத்துல புல்லு நிக்காது சார். மத்த வீட்டுப் பாதையெல்லாம் அப்படியே இருக்கு பாருங்க."

அக்காவைக் கூப்பிட்டான். போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தான். அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

"யாரு?"

"அக்கா! உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். தோட்டத்துல இருந்தேன். உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு, போனெல்லாம் பண்றே."

"வாசப் பாதையில புல்லு மூடிக் கிடக்கே!"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

சொன்னான். அவள் சிரித்தாள்.

"அடப்பாவி! கூரைக்கு மேல நின்னு எட்டிப் பார்த்தவன், கதவைத் தட்டக் கூடாதா?"

"நீ கடை கண்ணிக்குப் போறதில்லையா?"

"பின்பக்கமா குறுக்கு வழி இருக்குடா. எப்பவும் அதுலதான் போவேன்."

படத்தை நகர்த்திப் பார்த்தான். வேலியோரமாக, மரநிழலில் இன்னொரு கோடு. இத்தனை நாளில் அந்தப் பக்கம் அவன் பார்த்ததே இல்லை.

"அப்ப முன்னாடி வழி?"

"அது நீ வர்ற வழி. அடுத்த மாசம்னியே, எந்த நாள்னு சொல்லலையே. தினம் சாயந்திர பஸ்ஸுக்குப் போய் நின்னுட்டு வருவேன். மழைக்கு முன்னாடியே விட்டுட்டேன்."

அவள் நன்றாக இருக்கிறாள் என்று அவன் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் அவள் ஏமாந்து திரும்பிய தடம்.

"கிளம்பி வர்றேன்க்கா. நாளைக்கே."

"வந்துட்டுச் சொல்லு. இப்பவே புல்லை வெட்டி வச்சு, நீ வராமப் போனா என் இடுப்புதான் போகும்."

மறுநாள் சாயங்கால பஸ்ஸிலிருந்து அவன் இறங்கியபோது சாலையில் யாரும் நிற்கவில்லை. முழங்கால் உயரப் புல்லில் இறங்கி வாசலைப் பார்த்து நடந்தான்.